இரண்டு காதுக்கும் தனித்தனியாக

ஹெட்போனில் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமானால், முதலில் செய்யக்கூடாத காரியம் சத்தத்தைக் கூட்டுவது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறுகிற பாதிப் பேர் காதிலிருந்து இரைச்சல் வெளியே வழிகிறது. ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஓக்கே லா அங்கிள்” என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு புள்ளி கூட்டிக்கொண்டு போகிறார்கள். காது அவர்களுடையது, எனக்கென்ன வந்தது.

என் பெயர் லோகன். சுங்கை வேயில் ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் டெஸ்டிங் லைனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு அறுநூறு ஸ்பீக்கர் என் காதைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். கடுகளவு கரகரப்பு இருந்தாலும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன். சூப்பர்வைசர் மிஷினில் போட்டுப் பார்த்து, கடைசியில் நான் சொன்னதுதான் சரி என்பார். ஆகவே போனிலிருந்து நல்ல சத்தம் எடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

நான் எடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் செருகுகிற வகையென்றால் ரப்பர் மூடி காதை அடைத்து உட்கார வேண்டும். பெட்டியில் கூட வருகிற பெரிய சைஸை மாட்டினாலே தொலைந்துபோன தவில் சத்தம் திரும்பி வந்துவிடும். முனை வலையில் அடைந்திருக்கும் காதுக் குறும்பியைப் பழைய பல் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். பாட்டுக் கேட்கிற ஆப்பில் டேட்டாவை மிச்சம் பிடிக்கும் செட்டிங்கை அணைக்க வேண்டும். அது இருக்கிறவரை எவ்வளவு உசத்தியான ஹெட்போன் மாட்டினாலும் தகர டப்பாதான். புளூடூத்தைவிட வயர் மேல். போனில் வயர் செருக ஓட்டை இல்லையென்றால், சார்ஜ் போடுகிற இடத்தில் செருகுகிற குட்டிக் கன்வெர்ட்டர் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்.

நான் இவ்வளவு தூரம் இதில் இறங்கியதற்குக் காரணம் பாட்டு மட்டும் இல்லை. என் மனைவி சீதாலெட்சுமி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். போன சனிக்கிழமை வரை அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, முடியாது போடா என்றும் இல்லை. பதில் வராத வீட்டில் காதை வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை, அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

நடந்தது இது. எங்கள் ஒரே மகள் மாதவிக்குக் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரம், ஐயர் அட்சதைத் தட்டைக் கேட்டார். தட்டு சீதாவின் கையில். நான் மணவறைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், அவள் நாலடி தள்ளி நின்று யாரோ ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நாலு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. ஐயர் என்னைப் பார்க்கிறார், சம்பந்தி என்னைப் பார்க்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

“கூப்பிடுறது காதுல விழல? செவிட்டு முண்டம்!”

ஐயருடைய மைக் எனக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. மண்டபம் முழுக்கக் கேட்டது. ஸ்பீக்கரை மட்டும் வாழ்நாளெல்லாம் சோதித்தவன், மைக் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. கெட்டிமேளம் தொடங்கியதால் தப்பித்தேன். சீதா தட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி போய் நின்றுகொண்டாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் காரில் திரும்புகிறோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஃபெடரல் ஹைவேயில் மழை கொட்டுகிறது. சுபாங்கைத் தாண்டினோம். நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் ஆகாது என்று எனக்கே தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னேன்.

“சீதா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் அத்தனை பேருக்கு முன்னாடி. தப்புதான். மன்னிச்சிரு.”

எனக்கு ஐம்பத்தெட்டு வயது அப்போது. அதுவரை ஒருத்தரிடமும் இந்த வார்த்தையைச் சொன்னவன் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். நான் வேலை செய்த தொழிற்சாலை இருக்கிற சுங்கை வே வந்தது, போனது. கடைசியில் வாயைத் திறந்தாள்.

“வீட்டுல பால் இல்ல. போற வழியில ஒரு கடையில நிறுத்துங்க.”

நிறுத்தினேன். வேறென்ன செய்ய? மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னால், பதிலுக்குப் பால் கேட்கிறாள். எனக்கும் ரோஷம் இருக்கிறது. இன்னொரு தடவை கேட்பதாக இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சோறு போடுவாள், சட்டை தேய்த்து வைப்பாள், மாதவி போன் பண்ணினாள் என்று சொல்வாள். ஆனால் சாப்பாட்டு மேசையில் முன்பெல்லாம் எனக்கு இடது கைப் பக்கம் உட்காருகிறவள், இப்போது வலது கைப் பக்கம் மாறிவிட்டாள். கோயிலுக்கு நடந்து போனால் பாதி வழியில் எனக்குப் பின்னால் சுற்றி மறுபக்கம் வந்துவிடுவாள். தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்து, நான் என்ன பேசினாலும் திரும்புவதில்லை. எல்லாவற்றையும் நான் மனசுக்குள் பதிந்து வைத்துக்கொண்டேன். பிடிவாதக்காரி, இந்த ஜென்மத்தில் இறங்கி வரமாட்டாள் என்று முடிவு கட்டினேன்.

இப்படியே போயிருக்கும். போன சனிக்கிழமை நான் புதுப் போன் வாங்கினேன்.

எங்கள் தெருமுனைப் போன் கடையில் நிஜாம் என்று ஒருவர் வேலை பார்க்கிறார். ராமநாதபுரத்துக்காரர், வேலைப் பெர்மிட்டில் வந்து ஆறு வருடம் ஆகிறது. போன் கவர், வயர், ஹெட்போன் எல்லாம் அவர் கையில்தான் வாங்குவேன். பொய் சொல்லமாட்டார், அதற்காகவே போவேன். புதுப் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஒரு செட்டிங்கைத் திறந்து காட்டினார்.

“அண்ணே, இதுல காது டெஸ்ட் இருக்கு. இடது காதுக்குத் தனியா, வலது காதுக்குத் தனியா ‘பீப்’ சத்தம் வரும். கேட்டா ‘ஆமா’ன்னு அமுக்குங்க. உங்க காதுக்குத் தகுந்த மாதிரி அதுவே சத்தத்தைத் திருத்திக் குடுக்கும்.”

இருபத்தெட்டு வருடம் நான் செய்த வேலையை இந்தப் போன் என் மேலேயே செய்யப் பார்க்கிறது. சரி, பார்த்துவிடலாம் என்று கையோடு கொண்டுபோயிருந்த என் பெரிய ஹெட்போனைக் கன்வெர்ட்டரில் செருகி மாட்டிக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆறேழு நிமிடம். கடைசியில் திரையில் இரண்டு கோடு வந்தது. இரண்டும் முதலில் நேராகப் போய், மெல்லிய கீச்சுச் சத்தங்கள் இருக்கிற இடத்தில் தொபுக்கென்று விழுந்தன. கீழே எழுதியிருந்தது: ‘அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கான அமைப்பு.’

“போன் கெட்டது தம்பி. வேற எடுங்க.”

“போன் நல்லாத்தான் இருக்குண்ணே.”

“என் காதைப் பத்தி எனக்குத் தெரியாதா? போன் இல்லன்னா கன்வெர்ட்டர் கெட்டது.”

நிஜாம் சிரிக்கவில்லை. போனைத் துணியால் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப வேற ஆளு காதுல வச்சுப் பாருங்க. அவங்களுக்கும் இப்படியே விழுந்தா போன் தப்பு. வீட்டுல அக்கா இருக்காங்கல்ல, அக்கா காதுல வச்சுப் பாருங்க.”

“உங்க காதுல வையுங்களேன் தம்பி, இங்கயே முடிஞ்சிரும்.”

“இல்லண்ணே. அக்காவுக்கு வச்சுப் பாருங்க. ரெண்டு காதுக்கும் வைங்க.”

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. டெஸ்டிங் லைனில் எங்களுக்கும் அதுதான் சட்டம். சத்தம் வரவில்லையென்றால் ஸ்பீக்கரைத் திட்டாதே. வயரை மாற்று, பக்கத்தை மாற்று, ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார். பழுது எதோடு கூட நகர்கிறதோ, அதுதான் குற்றவாளி.

வீட்டுக்கு வந்தேன். சீதா ஹாலில் ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சேலை ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே துணி குவிந்துவிடும்.

“சீதா, மிஷினை நிறுத்து. ஒரு அஞ்சு நிமிஷம்.”

“எதுக்கு?”

“போன் சரியா இருக்கான்னு பாக்கணும். உன் காது வேணும்.”

“என் காது எதுக்கு உங்களுக்கு? மேல்வீட்டு ஆன்டிக்கு நாளைக்கு ரெண்டு பிளவுஸ் குடுக்கணும். வேற ஆளைப் பாருங்க.”

“அஞ்சு நிமிஷம்னு சொன்னேன்ல! என்னமோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி!”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கையிலிருந்த துணியை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு, “சரி, மாட்டுங்க” என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். முதலில் இடது காது. போன் ‘பீப்’ என்றதும் அவள் விரல் அமுக்கியது. எனக்குக் கேட்காத மெல்லிய சத்தத்துக்கெல்லாம் அவள் பட்பட்டென்று அமுக்கினாள். கோடு கடைசிவரை நேராகப் போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது. போன் நன்றாக இருக்கிறது என்றால் என் காதுதான் விழுந்திருக்கிறது. அடுத்து வலது காது. திரையில் வட்டம் சுற்றியது. அவள் அமுக்கவில்லை. சத்தம் அடுத்த கட்டத்துக்கு ஏறியது, அதற்கும் அமுக்கவில்லை.

“அமுக்கு, அமுக்கு.”

“கேட்டாத்தானே அமுக்க.”

பார்த்தீர்களா, நான் சொன்னேன் இல்லையா, சாமான் கெட்டது. வலது பக்க வயர் போயிருக்கும் என்று கன்வெர்ட்டரைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி செருகினேன். கேட்கவில்லை. ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் கணீரென்று வந்தது. சரியென்று அதைத் திருப்பி, இடது கிண்ணம் அவள் வலது காதில் வருகிற மாதிரி மாட்டி, முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது போன் ‘இடது காது’ என்றது. அவள் அமுக்கவில்லை. போன் ‘வலது காது’ என்றது. பட்பட்டென்று அமுக்கினாள்.

பழுது ஹெட்போனோடு நகரவில்லை. அவளோடு நின்றது.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கை நீட்டினேன். அவளே ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“போதும் லா. அந்தக் காது கேக்காது.”

“கேக்காதுன்னா?”

“கேக்காதுன்னா கேக்காது. சுத்தமா போச்சு. மாதவி கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னாடியே போச்சு.”

“மாதவிக்குத் தெரியுமா?”

“தெரியும். நிஜாமுக்கும் தெரியும். பாட்டுல பாதி எனக்குக் கேக்கலன்னு போய்ச் சொன்னேன். ரெண்டு பக்கச் சத்தத்தையும் சேத்து ஒரே பக்கமா வர்ற மாதிரி அவருதான் என் போன்ல வச்சுக் குடுத்தாரு.”

எனக்குத் தெரியாத ஒரு செட்டிங். ஊருக்கே நான் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன், என் வீட்டுப் போனில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” கத்தினேன். அவள் பதில் சொல்லாமல் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

அவள் பதில் சொல்லாததை நான் கவனிக்கவில்லை. என் புத்தி அதற்குள் காருக்குப் போய்விட்டது. நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவன் வலது பக்கம், பக்கத்தில் இருக்கிறவள் இடது பக்கம். என் பக்கம் இருந்தது அவள் வலது காது. மழை, வைப்பர், பக்கத்தில் லோரி. அதில் நான் மெதுவாகப் பேசினேன். முப்பது வருடமாக நான் அவளிடம் கத்தியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொன்னது மட்டும் போய்ச் சேரவில்லை. மேசையில் இடம் மாறியதும், கோயில் வழியில் பக்கம் மாறியதும் கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொள்ளத்தான். தூங்கும்போது அந்தக் காது தலையணையில் அழுந்தியிருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது வருத்தம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அவள் மறுக்கவில்லை! அவளுக்குக் கேட்கவே இல்லை! இரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் அவளுக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

“சீதா, கல்யாணத்தன்னிக்குக் கார்ல நான் உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். உனக்குக் கேக்கல போல.”

“கார்லயா? நீங்க வாயை அசைச்சது தெரிஞ்சுச்சு. லோரிக்காரனைத் திட்டுறீங்கன்னு நெனச்சேன்.”

“இல்ல. உங்கிட்டதான் பேசுனேன். மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னாடி உன்னை அப்படிச் சொன்னேன்ல, அது தப்பு. மன்னிச்சிருன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். மன்னிச்சிரு.”

இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். லேசாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு.

“அதுக்கா? செவிட்டு முண்டம்னு சொன்னீங்க. பாதி செவிடு ஆயிட்டேன்ல, உள்ளதைத்தானே சொன்னீங்க. அதுக்கெல்லாம் எதுக்கு மன்னிப்பு? அதை நான் அன்னிக்கே விட்டுட்டேன்.”

“அப்ப கோவம் இல்லையா?”

அவள் நூல் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“நீங்க வேற ஒண்ணுக்குக் கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

“எதுக்கு?”

“ஏன் எங்கிட்ட சொல்லலன்னு இப்ப கத்துனீங்களே. சொன்னேன். மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன். ஒரு சனிக்கிழமை, காலைல எழுந்திரிச்சா இந்தக் காதுல ‘ஙொய்’னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல. பயந்து போயி, கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன். புக்கிட் பிந்தாங்ல ஹெட்போன் சேல், இன்னிக்குக் கடைசி நாளுன்னு கெளம்பிட்டு இருந்தீங்க. குறும்பி அடைச்சிருக்கும், எண்ணெயைச் சுட வச்சு ரெண்டு சொட்டு ஊத்து, சரியாயிரும்னீங்க. ஊத்துனேன். மூணு வாரம் ஊத்துனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் நானே பஸ் ஏறிப் போனேன். மொதல் வாரத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்மா, திரும்பி வந்திருக்கவும் கூடும், இப்ப ரொம்ப லேட்டுன்னாரு டாக்டர்.”

யாருக்கோ ரவிக்கை அளவு சொல்கிற குரலில்தான் இதைச் சொன்னாள். துணியை வைத்து, மிஷினின் பாதத்தை இறக்கி, தைக்க ஆரம்பித்தாள்.

நான் அந்தச் சனிக்கிழமைக் காலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அவள் எந்த இடத்தில் நின்று சொன்னாள், என்ன புடவை கட்டியிருந்தாள், காதில் கை வைத்திருந்தாளா. ஒன்றும் வரவில்லை. வந்தது அந்த ஹெட்போன்தான். ஏழு வகை மாட்டிப் பார்த்து எட்டாவதை எடுத்தேன். கறுப்பு நிறம், காது மெத்தையில் தோல் வாசனை. கனத்த சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று ஆறு மாதத்தில் யாருக்கோ தள்ளிவிட்டேன். இதெல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது எனக்கு. த்தூ, என்ன மனுஷன் நான்.

ஸ்டூலைவிட்டு எழுந்தேன். கால் எங்கே போகிறது என்று தெரியாமல் மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்து நின்றேன், அவளுக்கு வலது பக்கம். ஹெட்போன் வயர் துணிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு கிடந்தது. அதைப் பிரிக்கிற மாதிரி கையில் வைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும், இப்போதுதான் ஒரு தடவை சொல்லி முடித்திருந்தேன். வாய் திறந்தது.

மிஷின் நின்றது. ஓரக்கண்ணில் என் உதடு அசைந்தது தெரிந்திருக்க வேண்டும். தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

“என்னா சொன்னீங்க? கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.